நாலு அங்குலம் உயர்ந்த அண்ணாச்சி

வண்டியை உயர்த்துவோர் என்றொரு இனம் நம்மிடையே உலவுகிறது. செய்தவன் மண்டையை உடைத்துக்கொண்டு கணக்குப் போட்டு, இவ்வளவு உயரம் போதும் என்று அனுப்பிவைத்த ஜீப்பை வாங்கி, ஒரு மாதம்கூட ஆகாமல் அது குட்டையாக இருக்கிறதே என்று ஏங்கி, ஸ்பிரிங்கை மாற்றி, யானைக்கால் டயரைப் போட்டு, மேலே ஏறி உட்கார்ந்துகொண்டு பெட்ரோல் பங்க்குக்குப் போய்வருகிறவர்கள் இவர்கள். மலையேறுவார்களா? மூச். அவர்கள் ஏறிய மிகப்பெரிய மேடு வேகத்தடை.

சிவகாசி செந்தூர்பாண்டி அண்ணாச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். விஸ்வநத்தம் பக்கம் பட்டாசுக் கம்பெனி. அவருடைய சரவெடி எப்படி வெடிக்கும் என்பது வேறு விஷயம். பெட்டியின் மேல் உறுமும் புலியின் மீசையை ஒவ்வொன்றாக எண்ணலாம். பக்கத்துக் கம்பெனி காளீஸ்வரன் தன் ஜீப்பை இரண்டு அங்குலம் உயர்த்தினார் என்று கேள்விப்பட்ட அன்று இவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுவாரமே நாலு அங்குலம் உயர்த்திவிட்டார். அதிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் காப்பிக்கு முன்னால் ஜீப். வந்தவரை டயருக்குப் பக்கத்தில் நிறுத்தி, "எம்புட்டு உசரம் பாருங்க, ஒங்க இடுப்புக்கு வருதுல்லா?" என்பார். அவர் மனைவி பொன்னுத்தங்கம் ஏறுவதற்கென்று ஒரு பிளாஸ்டிக் முக்காலி பின்சீட்டில் குடியிருக்கிறது. அதை மட்டும் யாருக்கும் காட்டமாட்டார்.

இன்னொன்றையும் காட்டமாட்டார். உயர்த்திய நாளிலிருந்து ஜீப் நேராகப் போகவில்லை. இடது பக்கம் கொஞ்சம், வலது பக்கம் கொஞ்சம் என்று தானாகப் போய்ப்போய் வந்தது. திருப்பிய ஸ்டீரிங் திரும்பி வரவில்லை. பள்ளத்தில் இறங்கினால் அவர் கையைப் பிடித்து உலுக்கியது. மெக்கானிக் சங்கிலிமுத்து அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"சைக்கிள்ல கைய விட்டாலும் நேரா போகுதுல்லா அண்ணாச்சி? முன் போர்க்கு சாஞ்சிருக்கதாலதான். ஜீப்புக்கும் முன்னச்சுல அந்தச் சாய்வு உண்டு. நீங்க தூக்குனதுல அச்சு உருண்டு, சாய்வு நிமிந்து போச்சு. அச்சைப் பிடிச்சிருக்க ரெண்டு இரும்புக் கையையும் மாத்தி, சாய்வத் திரும்பக் கொண்டாரணும். ஸ்டீரிங் ராடும் கோணலா நிக்கி. அதையும் சரிபண்ணணும்."

"பண்ணுனா வெளிய தெரியுமா?"

"வெளிய எப்படித் தெரியும்? ஓட்டுறவுகளுக்குத் தெரியும்."

அண்ணாச்சிக்குச் சப்பென்று ஆகிவிட்டது. வெளியே தெரியாத வேலையை எந்த மடையன் செய்வான்? அவர் வேறு வைத்தியங்களில் இறங்கினார். நாலு தடவை சக்கர அலைன்மென்ட் பார்த்தார்; அலைன்மென்ட் கடைக்காரர், "சாய்வு சரியில்லை, இங்கன அதைத் திருப்ப வழியில்ல" என்று நாலு தடவையும் சொன்னார். உலுக்கலை அமுக்க முன்னால் ஒரு குட்டி ஷாக் அப்சார்பர் மாட்டினார். சிவப்பு நிறத்தில்தான் வேண்டும் என்று மதுரையிலிருந்து வரவழைத்தார். கடைசியில் காளீஸ்வரனின் கண்தான் பட்டுவிட்டது என்று முடிவுகட்டிப் பூசணிக்காய் சுற்றி உடைத்தார். பூசணிக்காய் என்ன செய்யும் பாவம், அது தன் வேலையைச் செய்தது.

அந்த நேரம் பார்த்து மகள் பிரீத்திகாவுக்கு லைசென்ஸ் வந்தது. விருதுநகர் காலேஜுக்கு ஜீப்பில் போகவேண்டும் என்று அவளுக்கு ஆசை. காளீஸ்வரன் வீட்டுப் பிள்ளைகள் பார்க்கட்டும் என்று அப்பனுக்கு அதைவிட ஆசை. முதல் ஓட்டம் இருக்கன்குடி மாரியம்மனுக்கு என்று ஏற்பாடு. முக்காலியில் கால்வைத்த பொன்னுத்தங்கம் ஒரு நிமிஷம் நின்றார்.

"ஏங்க, சங்கிலிமுத்து சொன்ன வேலையச் செஞ்சாச்சா? பிள்ளை ஓட்டப் போறா."

"எல்லாம் செஞ்சாச்சு. ஏறு."

கவனித்தீர்களா? இந்த இனத்தின் தனி அடையாளமே இந்த "எல்லாம் செஞ்சாச்சு"தான்.

சாத்தூர் தாண்டி ஒரு சின்னப் பாலம். பாலமும் ரோடும் சேருகிற இடத்தில் ஒரு பள்ளம். இறங்கிய உடனே முன்சக்கரங்கள் இரண்டும் கிடுகிடுவென்று உதற, ஸ்டீரிங் பிரீத்திகாவின் கையைப் பிய்த்துக்கொண்டு ஆட, எதிரே அச்சங்குளத்துப் பட்டாசு வேலைக்குப் பெண்களை ஏற்றிய வேன் வந்தது. "அப்பா!" என்றாள். அண்ணாச்சி கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். பிள்ளைதான் கண்ணை மூடவில்லை. பதறிப் போய் பிரேக்கை மிதிக்காமல், வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, மண்ணில் இறக்கி நிறுத்தினாள். வேன் ஒரு முழ இடைவெளியில் கடந்து போனது. அதிலிருந்த பெண்கள் திட்டிய திட்டு நெடுநேரம் கேட்டது. எனக்கு அவர்கள்மேல் ஒரு வருத்தமும் இல்லை, இன்னும் இரண்டு திட்டியிருக்கலாம்.

பிரீத்திகா சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தாள். "செஞ்சாச்சுன்னு சொன்னீகளேப்பா?"

"ரோடு சரியில்லம்மா" என்றார் அண்ணாச்சி.

மறுநாள் சங்கிலிமுத்துவிடம் வண்டி போனது. இரண்டே நாள் வேலை. சாய்வு திரும்பி வந்தது. திருப்பிய ஸ்டீரிங் தானாக நடுவுக்கு வந்தது. ஜீப் கோடு போட்டதுபோல் ஓடியது. அண்ணாச்சி முகத்தில் மட்டும் களை இல்லை. வீட்டுக்கு வந்தவரைக் குனியவைத்து அடியில் காட்டினார். வந்தவர் பார்த்துவிட்டு, "என்னது அண்ணாச்சி, எல்லாம் அப்படியேதான இருக்கு?" என்றார்.

அன்றைக்கே, தன் பட்டாசுப் பெட்டிகள் அடிக்கிற அச்சகத்துக்குப் போய் நாலு கலரில் ஒரு ஸ்டிக்கர் அடித்து வந்தார். தங்கக் கரை, மூலையில் அதே புலி, நடுவே கொட்டை எழுத்தில்: "முன்னச்சு சாய்வு முறைப்படி திருத்தப்பட்டது." பின்கண்ணாடி முழுக்க ஒட்டினார். இப்போது பின்னால் வருவது எதுவும் தெரிவதில்லை. ஊரே நின்று படிக்கிறது.

பிரீத்திகா பஸ்ஸில் காலேஜுக்குப் போகிறாள். ஏன் என்று அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

நமக்கு ஜீப்பே கிடையாதே என்று நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் வீட்டில் கடைசியாக எதைப் பார்த்து "எல்லாம் செஞ்சாச்சு" என்றீர்கள் என்று ஒருதரம் நினைத்துப் பாருங்கள். அப்புறம், உங்களோடு வரவேண்டியவர்கள் யாராவது, காரணம் சொல்லாமல், பஸ்ஸில் போக ஆரம்பித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.