தொடாதே பாய்

புதுச்சேரி முழுக்கத் தேடினாலும், உடைந்த ஜன்னலிடம் வாக்குமூலம் வாங்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் இருந்தார். கண்ணாடி போடுகிறவர். உழவர்கரைப் பக்கம் அவருக்குத் 'தொடாதே பாய்' என்று பெயர். வீட்டில் என்ன பெயர் வைத்தார்கள் என்று கேட்கும் துணிச்சல் எங்களில் யாருக்கும் வரவில்லை.

ஃபோனை எடுத்ததும் அவர் சொல்லும் முதல் வார்த்தை அதுதான். சலாம், வணக்கம், ஹலோ எதுவும் கிடையாது.

"பாய், ஜன்னல் கண்ணாடி..."

"தொடாதே! கால்ல செருப்பு இருக்கா?"

"இல்ல பாய்."

"அப்ப நின்ன எடத்துலயே நில்லு. யாரையாச்சும் செருப்ப எடுத்தாந்து போடச் சொல்லு. ஃபேன நிறுத்து, தூள் பறக்கும். தொடப்பத்துல கை வெச்ச, நான் வர மாட்டேன்."

ஃபோனில் இருப்பது யாராக இருந்தாலும் ஒருமைதான். நேரில் வந்த பிறகுதான் மரியாதை திரும்பும். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், பாய் வரும்வரை ஒற்றைக்காலில் நின்றார் என்பது எங்கள் தெருவின் வரலாறு.

வந்ததும் வேலையை ஆரம்பிக்க மாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, உடைந்த ஜன்னலை உள்ளேயிருந்து ஒரு முறை, வெளியேயிருந்து ஒரு முறை பார்ப்பார். பிறகு, "சப்பாத்தி மாவு இருக்காம்மா?" என்பார். பாவம், பசி போலிருக்கிறது என்று ஒரு வீட்டில் சப்பாத்தியே சுட்டுக் கொடுத்துவிட்டார்கள். பொறுமையாகச் சாப்பிட்டு முடித்து, "இப்ப மாவு குடுங்க" என்றார். மாவு உருண்டையால் தரையை ஒற்றி ஒற்றி எடுத்தால், கண்ணுக்கே தெரியாத தூளெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு வரும். பெரிய சில்லுகளை நாலைந்து செய்தித்தாளில் மடித்து, மேலே 'கண்ணாடி' என்று கொட்டை எழுத்தில் எழுதுவார். "குப்ப எடுக்க வர்றவங்களுக்கும் கை இருக்குல்ல?"

அதன் பிறகுதான் தீர்ப்பு. மூலக்குளத்தில் ஒரு மாமியார், பூனை குதித்துக் கண்ணாடி உடைந்ததாகச் சொல்லியிருந்தார். பாய் விரிசலைப் பார்த்தார். "பூன இல்லம்மா. சாவிக்கொத்து. இவ்ளோ வேகமா வீசணும்னா நல்ல கோவம் வேணும்." மாமியார் மூன்று வாரம் மகள் வீட்டில் போய் இருந்தார். யாருக்காகவும் பொய் சொல்லாத மனிதர் பாய். எனக்கு வந்த கஷ்டமே அதுதான்.

ஒரு மாலை, என் அறை ஜன்னல் கண்ணாடியில் பல்லி ஒன்று உட்கார்ந்திருந்தது. எனக்குப் பல்லி என்றால் பயம். கைக்குக் கிடைத்ததை வீசினேன். கிடைத்தது, நான் எழுதிய கட்டுரைத் தொகுப்பு. என் எழுத்து எதன்மீதாவது தாக்கம் ஏற்படுத்தியது அன்றுதான். கண்ணாடி நொறுங்கிப் புத்தகம் வெளியே குரோட்டன்ஸ் செடிக்குள் போய் விழுந்தது.

அதே நொடியில் தெருவில் 'டங்'கென்று இன்னொரு சத்தம். பக்கத்து வீட்டு முசே, பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன்காரர், எங்கள் ஜன்னலுக்கு எதிரே உள்ள காலிமனையில் பெத்தாங்க் ஆடிக்கொண்டிருந்தார். இரும்புக் குண்டை வீசி ஆடும் ஆட்டம். மனைவி மதாம் காலமான பிறகு அவருக்கு இருந்த ஒரே துணை.

ஓடிவந்த என் மனைவி, "முசேவோட குண்டுதான?" என்றாள். ஆமாம் என்று நான் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. கண்ணியமாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பாய்க்கு ஃபோன் செய்தாள்.

சற்று நேரத்தில் குண்டுப் பையோடு முசேவே வந்து நின்றார்.

"பர்தோம்மா, மன்னிச்சிடு. கண்ணு செரியா தெரியல. கை எங்க வீசுதுன்னே புரியல. இனிமே ஆடப் போறதில்ல. இத பரண்மேல போட்டுடறேன்."

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன். "காப்பி சாப்பிடறீங்களா முசே?" என்பதுதான் வந்தது.

அவர் காப்பியை முடிப்பதற்குள் பாய் வந்துவிட்டார். உள்ளே பார்த்தார். வெளியே போய்ப் பார்த்தார். திரும்பி வந்து, சட்டத்தில் நின்றிருந்த ஒரு சில்லின் முனையிலிருந்து எதையோ கிள்ளி எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டார். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"முசே, இது ஒங்க குண்டு இல்ல. குண்டு பட்டிருந்தா சில்லு உள்ளதான் கொட்டும். இது மொத்தமும் வெளிய கெடக்கு. நீங்க போயி ஆடுங்க."

முசே பையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப உள்ளேர்ந்து யாரு பாய்?" என்றாள் என் மனைவி.

நான் குனிந்து முசேவின் காப்பி டம்ளரை எடுத்தேன்.

ஜன்னல் விளிம்பில் அறுந்து கிடந்த வாலை பாய் காட்டினார். "பல்லிம்மா."

"பல்லி கண்ணாடிய ஒடைக்குமா?"

"பல்லி இல்லன்னா இந்தக் கண்ணாடி ஒடஞ்சே இருக்காது. எழுதி வேணும்னாலும் தரேன்."

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. நாற்பது புத்தகம் படித்தும் எனக்கு அப்படி ஒரு வாக்கியம் எழுத வரவில்லை.

அவள் மாவெடுக்க உள்ளே போனதும், பாய் என் கையில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்தார். என் புத்தகத்தின் பின்னட்டை; என் புகைப்படத்திலிருந்து கிழிந்தது.

"ஒங்க பாதி மீச, சார். பத்திரம்."

அன்றே முசேவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த குண்டு காலிமனையையே தாண்டிப் போனது. மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. நான் எழுதுவதை அவள் படிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

பாய் இப்போது காரைக்காலில் மகள் வீட்டோடு இருக்கிறார். போன மாதம் எங்கள் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வந்தவர், அந்த ஜன்னல் சட்டத்தில் கண்ணாடியைச் சுற்றி அன்று பாய் அப்பியிருந்த லப்பத்தைத் தடவிப் பார்த்தார். ஓரத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்து காய்ந்திருந்தது.

"சுரண்டிட்டு மழமழன்னு பூசிடட்டுமா சார்?"

யாரையும் ஒருமையில் பேசிப் பழகாதவன் நான்.

"தொடாதே!" என்றேன்.