சிவப்புக் காருக்கு வந்த லெட்டர்

"நிறுத்துங்க டீச்சர். அந்த இடத்தை மறுபடியும் வாசிங்க" என்றார் சங்கரபாண்டியன்.

இசபெல் டீச்சர் மூக்குக்கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு, சீமைத் தபால்தலை ஒட்டிய கடிதத்தை மறுபடி தமிழில் சொன்னார்.

"உங்க காருல நாலு குறை இருக்காம். கம்பெனி தப்புதானாம், மன்னிக்கணுமாம். ஒண்ணு, வளைவுல திரும்பினா ஹார்ன் தானா அடிக்கும். ரெண்டு, கதவு தானாத் திறக்கும். மூணு, புகைக்குழாய் வெடிக்கும். நாலு, பிரேக்கு எந்த நேரமும் கைவிட்டிரும். அதனால ஓட்டுறதை உடனே நிறுத்திட்டு, காரை மெட்ராஸ் ஏஜெண்டுகிட்டத் திருப்பி அனுப்பணுமாம். சும்மாவே சரிபண்ணித் தாராகளாம்."

"வித்த சரக்கைத் திரும்பக் கூப்பிடுறவன் ஒரு வியாபாரியா? பதினெட்டு வருசமா சரவெடி விக்கேன். ஒரு வெடியையாவது திரும்பி வான்னு கூப்பிட்டிருக்கேனா?"

"வெடிச்சதைக் கூப்பிட்டா வருமா, அண்ணாச்சி?"

சங்கரபாண்டியனுக்கு அந்தக் கார் மேல் அப்படி ஒரு கிறுக்கு. எஸ்டேட்டை விற்றுவிட்டுக் கப்பலேறிய ஒரு துரையிடம் மூன்று மாதத்துக்கு முன்னால் வாங்கியது. ரெண்டே ரெண்டு பேர் உட்காரலாம், தலைக்கு மேல் கூரை கிடையாது, சிவப்பென்றால் அப்படிச் சிவப்பு. விருதுநகர் பஜாரில் அவர் போனால் வத்தல் வியாபாரிகள் தராசை விட்டுவிட்டு வெளியே வந்து பார்ப்பார்கள். அதைப் போய் ஓட்டைக் கார் என்று மெட்ராஸுக்கு ஏற்றிவிட்டால் ஊர் சிரிக்காதா?

அதைவிடப் பெரிய கவலை வேறொன்று இருந்தது. செவ்வாய்க்கிழமை வெடிமருந்து இன்ஸ்பெக்டர் வருகிறார். போன வருசம் அவர் சங்கரபாண்டியனின் நாரணாபுரம் வெடி ஃபாக்டரியில் அபாய மணியை அடித்துப் பார்த்தபோது, நாற்பது பேரில் ஒருத்திகூட எழுந்திருக்கவில்லை. "இந்தச் சரத்தைப் பின்னி முடிச்சுட்டு வாரேன்யா, பாதியில விட்டா திரி சிக்கிக்கிடும்" என்று முத்துப்பேச்சி உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிட்டாள். அடுத்த தடவையும் இப்படியே இருந்தால் லைசென்ஸ் ரத்து என்று நோட்டில் எழுதிவிட்டுப் போனார் மனுசன். தீபாவளிக்கு ஆறு வாரம்தான் இருந்தது. லைசென்ஸ் போனால் சீசன் போச்சு. இன்ஸ்பெக்டரை விருதுநகர் ஜங்ஷனிலிருந்து சிவப்புக் காரில் ஜம்மென்று கூட்டி வந்தால் கொஞ்சம் மனசு குளிர மாட்டாரா என்று சங்கரபாண்டியன் கணக்குப் போட்டார்.

"டீச்சர், இந்த லெட்டர் விசயத்தை எந்த மனுசன்கிட்டயும் சொல்லிராதீக."

"மனுசர் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன், அண்ணாச்சி" என்றார் டீச்சர். கொடுத்த வாக்கை மீறுகிற ஆள் இல்லை அவர்.

மெட்ராஸ் ஏஜெண்டுக்குப் பதிலாக ஒச்சப்பன் வந்தான். வத்தல் லோடு லாரிகளுக்கு வைத்தியம் பார்க்கிறவன். லாரியைத் தவிர வேறெதையும் அவன் வண்டி என்று ஒப்புக்கொண்டதில்லை.

"இதெல்லாம் ஒரு கோளாறா, முதலாளி? ரெண்டு நாள் குடுங்க" என்றான்.

வெள்ளிக்கிழமை புகைக்குழாய்க்குள் ஒரு பால் டப்பாவைச் செருகினான். சத்தம் நின்றது, ரெண்டு மைல் வரைக்கும். அப்புறம் டமார் என்று ஒரு வெடி. டப்பா பறந்துபோய் எதிரே வந்த வெம்பக்கோட்டை பஸ்ஸின் கூரைமேல் உட்கார்ந்து டிக்கெட் எடுக்காமல் ஊருக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து வெடிச் சத்தம் ரெட்டிப்பானது.

சனிக்கிழமை ஹார்ன் ஒயரை அறுத்து வேறிடத்தில் முடிந்தான்.

"இப்ப வளைவுல அடிக்காது, முதலாளி. பிரேக்கை மிதிச்சாத்தான் அடிக்கும்."

"மிதிச்சா பிரேக்கு பிடிக்குதாலே?"

"அதுக்குப் பதிலாத்தான் ஹார்ன் அடிக்குதே!"

சங்கரபாண்டியன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"லாரியில நாங்க பண்றதைப் பண்ணிருவோம்" என்று ஒச்சப்பன் தேற்றினான். "நான் பக்கத்துல கட்டையோட இருக்கேன். 'கட்டை'ன்னு ஒரு சத்தம் குடுங்க. குதிச்சு டயருக்கு முன்னால போட்டிருதேன்."

"அப்ப இன்ஸ்பெக்டர் எங்கனலே உக்காருவாரு?"

ஒச்சப்பன் யோசித்தான். "அவருக்குக் கட்டை போடத் தெரியுமா?"

திங்கட்கிழமை கதவின் முறை. அது வளைவுக்கு வளைவு திறந்து ஒச்சப்பனை ரெண்டு தடவை ரோட்டில் இறக்கிவிட்டது. "இறுக்கிக் கட்டித் தொலைலே!" என்று சங்கரபாண்டியன் கத்த, வெடிப்பெட்டி கட்டுகிற சணலால் ரெண்டு கதவையும் ஏழெட்டு முடிச்சுப் போட்டுக் கட்டினான். முதலாளி வேட்டியைத் தூக்கிக்கொண்டு கதவுக்கு மேலே ஏறிக் குதித்துத்தான் உள்ளே போகவேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை ஒச்சப்பனையும் கட்டையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஜங்ஷனுக்குப் போனால் ரயில் வந்தது, இன்ஸ்பெக்டர் வரவில்லை. அவர் மதுரையிலேயே இறங்கி சர்க்கார் ஜீப்பில் நேரே நாரணாபுரத்துக்கே போய்விட்டாராம்.

"அய்யோ, என் லைசென்ஸே!" என்று அலறிக்கொண்டு சங்கரபாண்டியன் காரைத் திருப்பினார்.

ஃபாக்டரி வளைவு வந்தது. வாசலில் ஜீப் நின்றது. உள்ளே இன்ஸ்பெக்டர் ஒரு கையில் கடிகாரமும் மறு கை மணிக் கயிற்றிலுமாக நிற்பது தெரிந்தது. சங்கரபாண்டியன் பிரேக்கை மிதித்தார். ஹார்ன் ஊரைக் கூட்டியது. இன்னும் ஓங்கி மிதித்தார். இன்னும் ஓங்கி அடித்தது.

"ஏலே, கட்டை! கட்டை!"

"கதவு திறக்கலையே, முதலாளி! நீங்கதான இறுக்கிக் கட்டச் சொன்னீக!"

பின்னால் டமார் என்று ஒரு வெடி வெடித்து எஞ்சின் அணைந்தது. கார் மட்டும் நிற்கவில்லை. தன்பாட்டுக்கு வாசலுக்குள் உருண்டு போய், தீயணைக்கக் குவித்து வைத்திருந்த மணலில் மூக்கைப் புதைத்துக்கொண்டு நின்றது.

கண்ணிலிருந்த மணலைத் துடைத்துவிட்டுச் சங்கரபாண்டியன் பார்த்தார். அத்தனை ஷெட்டும் காலி. நாற்பது பேரும் பின்பக்க வேலிக்கு அந்தப்புறம் மூச்சிரைக்க நின்றார்கள். முத்துப்பேச்சி கையில் சரம்கூட இல்லை.

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். "முப்பது செகண்ட்! நான் இன்னும் மணியே அடிக்கலை. ஒரு சத்தம் கேட்டதும் ஒரு ஆள் உள்ளே இல்லை! எப்படி சார் பழக்கினீங்க?"

போன உயிர் சங்கரபாண்டியனுக்குத் திரும்பி வந்தது. கதவின்மேல் ஏறி இறங்கி வேட்டியை உதறிக்கொண்டார். "எல்லாம் நம்ம ஏற்பாடுதான், சார். மணிச் சத்தம் அவுகளுக்குப் பழகிப்போச்சு. அதான் காரை வச்சு ஒரு பரீட்சை."

"கார் ஏன் மணலில் நிற்கிறது?"

"மணல்லதான் நிறுத்தணும்னு நம்ம கம்பெனிச் சட்டம், சார். பாதுகாப்பு!"

ஒச்சப்பன் கட்டையை மடியில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான்.

இன்ஸ்பெக்டர் அசந்துபோனார். நோட்டைப் பிரித்து, இந்த ஜில்லாவுக்கே முன்மாதிரியான ஃபாக்டரி என்று எழுதினார். கையெழுத்துப் போடப் பேனாவை வைத்தவர், திரும்பி வந்துகொண்டிருந்த முத்துப்பேச்சியைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னம்மா, வெடிச் சத்தம் கேட்டா வேலையை அப்படியே போட்டுட்டு ஓடணும்னு முதலாளி நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்காரு!"

"வெடிச் சத்தத்துக்கு யாருய்யா ஓடுனா, அது தெனமும் கேக்குறதுதான; 'ஆண்டவரே, அண்ணாச்சி காருல பிரேக்கு இல்லை, அது யாரு மேலயும் ஏறாமப் பாத்துக்கிடும்'னு ஞாயித்துக்கிழமை வேதக்கோயில்ல டீச்சரம்மா தெருவுக்கே கேக்குற மாதிரி ஜெபம் பண்ணினதுல இருந்து, அந்த ஹார்ன் சத்தம் கேட்டாத்தான் நாங்க ஓடுதோம்!"