அலுமாரியில் சுட்ட மோட்டார் சைக்கிள்

நாற்பத்திரண்டு வயதில், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனாகவும் அரசாங்கத்துக்கு உத்தியோகத்தனாகவும் இருந்துகொண்டு, என் மோட்டார் சைக்கிளை எலும்பெலும்பாகக் கழற்றி, தோலையும் உரித்து, ஓர் இரும்பு அலுமாரிக்குள் வைத்துச் சுடுவதற்கு நான் சம்மதித்தேன். யாரும் வற்புறுத்தவில்லை. அதுதான் வெட்கக்கேடு.

சுட்டவர் பவுடர் நாநா; முஸ்லிம் அண்ணன்மாரை ஊரில் நாநா என்போம். மாத்தளையில் அவரைப் போல ஓரிடத்தில் நிற்காத மனிதர் வேறு பிறக்கவில்லை. பிறந்திருந்தால் ஊர் தாங்கியிருக்காது. உலகத்துப் பொருட்களை அவர் இரண்டாகப் பிரித்திருந்தார்: அலுமாரிக்குள் போகிறவை, போகாதவை. போகாதவற்றின் மேல் அவருக்கு மரியாதை கிடையாது.

குடும்பத் தொழில் மிளகு வியாபாரம். அதை மச்சானின் தலையில் கட்டிவிட்டு, வீட்டின் பின்பக்கத்தில் மோட்டார் சைக்கிள் பாகங்களுக்குப் பவுடர் பூசிக்கொண்டிருந்தார். பழைய பெயின்டை உரித்து, கழுவி, காயவைத்து, பாகத்தைக் கொக்கியில் தொங்கவிட்டு, ஒரு கம்பியைக் கவ்வவைப்பார். துப்பாக்கி மாதிரி ஒரு கருவியால் மாவு போன்ற பவுடரை ஊதுவார். மின்சாரத்தின் தயவில் அது இரும்பில் போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு சூடு. அதற்குத்தான் அலுமாரி. ஏதோ ஓர் அரசாங்கக் கந்தோர் ஏலத்தில் எடுத்து, உள்ளே ஹீட்டர் கம்பிகள் பூட்டி, கதவில் கண்ணாடி வைத்தது. கண்ணாடிக்கு முன்னால் அவர் தவித்துக்கொண்டு நிற்பார். மங்கலாகக் கிடந்த மாவு உருகிப் பளபளக்கும் கணத்தில், "பூத்திருச்சு! பூத்திருச்சு!" என்று சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுவார். எங்கே ஓடுகிறார் என்று அவருக்கே தெரியாது. அவர் உட்கார்ந்து நான் கண்டதில்லை. தேத்தண்ணீரையும் நடந்துகொண்டுதான் குடிப்பார்.

அலுமாரி சூடேறத் தொடங்கினால் தெருவில் பல்புகள் மங்கும். அடுத்த வீட்டுச் சிங்கள மாத்தயாவின் டீவியில் கிரிக்கெட் மைதானம் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கும். மதிலுக்கு மேலே அவர் தலை முளைக்கும்.

"நாநா! மெச் எக்க!" மெச் பார்க்க விடு என்று அர்த்தம்.

"வினாடி தஹயய், மாத்தயா!" என்று இவர் பத்து நிமிடம் கேட்பார். அந்தப் பத்து நிமிடத்தில் மூன்று விக்கெட் விழுந்தால் பழி நாநாவுக்குத்தான்.

தன் மனைவி வட்டிலப்பம் அவிக்கும் சட்டிக்குச் சிவப்புப் பூசினார். மாமியாரின் நடைத்தடியை நீலமாக்கப் போய், அடி ரப்பர் உருகி அலுமாரியோடு ஐக்கியமாயிற்று. "மிளகு யாவாரின்னு சொல்லித்தான் வாப்பா கட்டிக் குடுத்தாங்க," என்று அவர் மனைவி என்னிடம் முறையிட்டார். "என்னையும் ஒரு நாளைக்குக் கொக்கியில தொங்கவிட்டுப் பூசிருவாரு சேர்!"

"நீ உள்ள போக மாட்டே. அளந்துட்டேன்," என்றார் நாநா.

இவ்வளவும் தெரிந்துதான் போனேன். "உங்களுக்கு விசரே? ஓடுற வாகனத்தைக் கழட்டி ஆரும் அடுப்பில வைப்பினமே?" என்றாள் என் மனைவி, என்னைப் போலவே யாழ்ப்பாணத்துக்காரி. ஆனால் நான் முன்யோசனைக்காரன் அல்லவா? வாகனப் புத்தகத்தில் நிறம் கறுப்பு என்றிருந்தது. சோதனைச்சாவடிகளில் வம்பு வேண்டாமென்று கறுப்பையே கேட்டேன். "ரெண்டு தரம் பூசுங்கோ நாநா, தடிப்பா இருக்கட்டும்," என்றும் சொன்னேன்.

"நட்டு போற ஒவ்வொரு ஓட்டைக்கும் மூடி வச்சுதான் சேர் பூசுவேன். ஒண்ணயும் மறக்க மாட்டேன்."

மறக்கவில்லை. ஓட்டைகளை மறக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, வேலையாக யட்டவத்தைக்குப் போகும் வழியில் ஒரு சோதனைச்சாவடியில் பொலிஸார் மறித்தார்கள். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். யுத்தம் உச்சத்தில் இருந்த அந்த வருடங்களில், அதை வாசித்த பிறகு மிச்சமெல்லாவற்றையும் ஆற அமரத்தான் பார்ப்பார்கள். சார்ஜன்ட் புத்தகத்தை விரித்து, குனிந்து, ஹேண்டிலுக்குக் கீழே சட்டத்தின் கழுத்தை விரலால் தடவினார். இரும்பில் வெட்டியிருக்க வேண்டிய செஸி நம்பர் அங்கே இல்லை. குழந்தையின் கன்னம் போல வழவழவென்றிருந்தது.

"நொம்பரே கோ?" நம்பர் எங்கே என்கிறார்.

"பூச்சுக்கு உள்ளுக்கு இருக்கு," என்றேன் சிங்களத்தில். உலகத்தில் எந்தப் பொலிஸ்காரரும் நம்பாத பதில்.

இலக்கம் அழிந்த மோட்டார் சைக்கிளையும் யாழ்ப்பாணத்தில் பிறந்தவனையும் கூட்டினால் என்ன விடை வரும் என்பதைப் பொலிஸ் நிலைய மர வாங்கில் உட்கார்ந்து யோசித்தேன். அந்த வாங்கிலிருந்து வீட்டுக்குப் போனவர்களும் உண்டு. வேறு இடங்களுக்குப் போனவர்களும் உண்டு.

பூசியவரைக் கூப்பிடுங்கள் என்று கெஞ்சினேன். நாநா திரீவீலரில் வந்து குதித்தார். முழங்கை வரை, வெடிமருந்து போலக் கறுப்புப் பவுடர். அந்தக் காலத்தில் கை நிறையப் பவுடரோடு பொலிஸ் நிலையத்துக்குள் சிரித்துக்கொண்டே நுழைந்த ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார். இரண்டு கான்ஸ்டபிள்கள் எழும்பித் துவக்கைத் தேடினார்கள். நாநா கவனிக்கவில்லை, நடந்துகொண்டே சிங்களத்தில் தன் தொழிலை விளக்கினார். சார்ஜன்ட் ஒரு சாவியை எடுத்துச் சட்டத்தின் கழுத்தை அழுத்திக் கீறினார். கோடுகூட விழவில்லை.

"பாத்தீங்களா சேர்!" நாநாவுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "ஆணியால கீறச் சொல்லுங்க! அதுக்கும் அசையாது!"

எனக்கு அழுகை வந்தது.

சார்ஜன்ட் ஆணி கேட்கவில்லை. உளியும் சுத்தியலும் கேட்டார். நாநா நின்றார். உளி விழுந்தால் பூச்சோடு இலக்கமும் போய்விடும். அதற்குப் பிறகு காட்டுவதற்கு என்னிடம் ஒன்றுமே இருக்காது. அவர் என்னைப் பார்த்தார், வாங்கைப் பார்த்தார்.

"வேணாம் மாத்தயா. நானே எடுக்கிறேன்," என்றார் சார்ஜன்டிடம்.

பிறகு நாநா உட்கார்ந்தார். பேனாக்கத்தியோடு சிமெந்துத் தரையில், இரண்டு மணித்தியாலம். தன் வாழ்நாளின் மிகச் சிறந்த பூச்சை மயிரிழை மயிரிழையாகச் சீவினார். ஒவ்வோர் இலக்கமும் வெளியே வரச் சார்ஜன்ட் சத்தமாக வாசித்தார். கான்ஸ்டபிள் புத்தகத்தில் சரி போட்டார். மாடு களவு போனதென்று முறைப்பாடு செய்ய வந்தவர்கள் மாட்டை மறந்து, லொத்தர் குலுக்கல் பார்ப்பது போலச் சுற்றி நின்றார்கள்.

கடைசி இலக்கம் வந்தது. புத்தகத்தில் ஏழு. இரும்பில் ஒன்று.

சரி போட வந்த பேனா அந்தரத்தில் நின்றது. நாநா தொப்பியில் குத்தியிருந்த ஊசியை எடுத்து, "பிஸ்மில்லாஹ்" என்று, ஒன்றின் தலைக்குப் பக்கத்தில் கிளறினார். ஒரு துணுக்குக் கறுப்பு உதிர்ந்தது. இன்னொன்று. ஒரு சின்னப் படுக்கைக் கோடு மெல்ல வெளியே வந்தது.

ஏழு.

என் பின்னால் ஏறி அவரும் வீடு திரும்பினார். "உங்களாலதான் தப்பினன் நாநா," என்றேன்.

"உங்களுக்காக யாரு சேர் வந்தா? உளிய வச்சிருந்தானுகன்னா பவுடர் கோட் முழுக்க வெடிச்சிருக்கும். ரெண்டு கோட்!"

ஆனால் என் தோளைப் பிடித்த கையை, மாத்தளை வரும் வரைக்கும் அவர் எடுக்கவேயில்லை.

நாநா மௌத்தாகி, அவரை அடக்கி வருடங்களாகிவிட்டன. மோட்டார் சைக்கிள் ஓடுவதில்லை. ஆனாலும் அந்தக் கறுப்பு இன்னும் முகம் பார்க்கலாம் போலிருக்கிறது. அவர் சுரண்டிய இடம் மட்டும் மழைக்குச் செம்மண் நிறத்தில் கறள் பிடிக்கும். அதற்குப் பெயின்ட் பூச நான் யாரையும் விடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தேங்காயெண்ணெயைத் தொட்டு, முதல் இலக்கத்திலிருந்து அந்த ஏழு வரைக்கும் விரலால் மெல்லத் தடவிவிடுவேன்.

போன கிழமை மனைவி வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு எண்ணெயை உங்கட தலைக்கு வைச்சிருந்தா," என்றாள், "நாலு மயிராவது மிஞ்சியிருக்கும்."