மூன்றாவது தாளில் இருக்கும் பெட்டி

புதூர்நாடு,
26-4-1959

மரியாதைக்குரிய மச்சான் பாஷா சாயபு அவர்களுக்கு, தங்கள் தங்கை சகிலாவின் புருஷன் லத்தீப் சலாம் சொல்லி எழுதுவது. ஆண்டவன் கிருபையால் இங்கே மழையைத் தவிர எல்லாம் இருக்கிறது. தங்கள் புளி மண்டியும் முழங்கால் வலியும் எப்படி என்று அறிய ஆவல்.

தாங்கள் போட்ட கார்டு கிடைத்தது. கார்டு என்பதால் தபால்காரர் தாம் படித்து, ஊருக்கும் படித்துக்காட்டி, கடைசியில்தான் என்னிடம் கொடுத்தார். ஐம்பது வயதில் கோடு கிழிக்கும் பைத்தியத்தை நான் விடாவிட்டால் வெள்ளிக்கிழமை ஜீப் அனுப்பித் தங்கையை வாணியம்பாடிக்கே அழைத்துக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். விட மாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியை நிதானமாக எழுதலாம்.

இந்தப் பைத்தியத்துக்குக் காரணமான சித்திரப் பாடப் புத்தகம் நான் தேடிப் போனதல்ல; ஆலங்காயத்துக் கடையில் மிளகாய் மடித்துக் கொடுத்த காகிதம். மீதியையும் கேட்டேன். கோடு, நீள்வட்டம், பெட்டி என்று மூன்று பாடம்தான் தேறியது. அதற்கப்புறம் வரும் பூ, பறவையிலெல்லாம் யாரோ வெல்லம் வாங்கிப் போய்விட்டார்கள். போகட்டும், எனக்கு மூன்று போதும். தினம் ஸ்கேல் இல்லாமல் நூறு கோடு போட்டேன். பக்கத்து வீட்டு மாதம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா பாய், கை இப்டி நடுங்குது?" என்று ஒரு கஷாயம் காய்ச்சிக் கொடுத்தாள். குடித்தேன். மூன்று நாள் வயிறு போயிற்று. நான்காம் நாள் மறுபடி நூறு கோடு போட்டேன்.

பெருநாளன்று தங்கள் முன்னால் பிரியாணித் தட்டை வைத்ததும் "கை வெக்காதீங்க மச்சான்!" என்று கத்தியது நான்தான், மறுக்கவில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பென்சிலைத் தங்கள் மூக்குக்கு நேரே நீட்டியதும் உண்மை. ஆனால் அளந்தது தட்டின் விளிம்பை. வட்டத் தட்டைச் சாய்வாகப் பார்த்தால் நீள்வட்டம், அதுதான் இரண்டாம் பாடம். பிரியாணி ஆறிப்போனது வாஸ்தவம். ஆறியதைச் சுட வைக்கலாம்; தப்பிப் போன நீள்வட்டம் திரும்பி வருமா?

தங்கள் மண்டிக்கு நான் வாங்கி அனுப்ப வேண்டிய மூன்று லோடு புளி கைவிட்டுப் போனதற்கும் நானே காரணம் என்கிறீர்கள். நடந்தது இது. மேட்டுப் பாறையில் உட்கார்ந்து பெட்டி பெட்டியாகப் போட்டுக்கொண்டிருந்தேன். நிலம் அளக்க ஆள் வரப்போகிறது என்று அப்போதுதான் மலையில் ஒரு புரளி. நமக்கு வருஷா வருஷம் புளி போடும் மாதையன் ஒரு பலாப்பழத்தோடு வந்து, தாளைப் பார்த்துவிட்டு, "இன்னா பாய், எனுக்கு இத்தினியூண்டு போட்டுக்கீற? எங்கப்பன் வெட்டித் திருத்துன கொல்லை அது!" என்றார். இது நிலமில்லை, வெறும் பெட்டி என்று சத்தியம் செய்தேன். பலாப்பழத்தை இன்னும் கொஞ்சம் என் பக்கம் தள்ளினார். சரி, பெட்டிதானே என்று பெரிதாக்கினேன். மறுநாள் பக்கத்துக் கொல்லைக் கோபால் வந்தார். "அவன் பொட்டி என் கொல்லைல ஏறிக்கினு கீது. அழிக்கிறியா, இல்ல புளிய வேற ஆளுக்குப் போட்டுடட்டா?" அதை அழித்தால் இவருக்குக் கோபம், இதை அழித்தால் அவருக்குக் கோபம். கடைசியில் எல்லாருக்கும் ஒரே அளவில் போட்டேன். எல்லாரும் கோபித்துக்கொண்டு புளியை வேறு ஆளுக்குப் போட்டுவிட்டார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பதினெட்டுப் பெட்டியும் ஒரே அளவு, மச்சான்!

இருபது வருஷம் புளி நிறுத்தேன். நேற்று நிறுத்ததைவிட இன்று நன்றாக நிறுத்தேன் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. என் கோடு மட்டும்தான் நேற்றைவிட இன்று நேராக இருக்கிறது. அந்தச் சந்தோஷத்தை யாருக்காகவும் விட மாட்டேன். சகிலா முந்தாநாள் தகரப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கிக் கூடத்தில் வைத்தாள். ஊருக்குப் போகிறாயா என்று கேட்டேன், பெட்டியை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி வைத்தாள். அந்தப் பெட்டியைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் இல்லாமல் இந்த வீட்டில் எப்படி இருப்பேன் என்று தெரியவில்லை. ஆனாலும் விட மாட்டேன்.

சாட்சிக்கு நான் போட்டதில் மூன்று தாள் இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். முதலாவது தை மாதம், இரண்டாவது மாசி. மூன்றாவதை எப்போது போட்டேன் என்று எனக்கே ஞாபகமில்லை. தேர்ந்த கை தானாகவே ஓடும் போலிருக்கிறது. அதிலுள்ள பெட்டியைப் பார்த்துவிட்டு என்னைப் பைத்தியம் என்று சொல்லுங்கள், பார்ப்போம்.

அக்காவுக்கு என் சலாம், பிள்ளைகளுக்கு துஆ. ஆண்டவன் தங்கள் முழங்காலுக்குச் சுகமும் மனசுக்குக் கொஞ்சம் பொறுமையும் தருவானாக.

பணியாத, ஆனால் பிரியமுள்ள,
லத்தீப்

பின்குறிப்பு: கவரை ஒட்டுமுன் மூன்றாவது தாளை இன்னொரு தரம் ஆசையாகப் பார்த்தேன். அதிலுள்ள பெட்டிக்குக் கொண்டி இருக்கிறது. சகிலாவின் தகரப் பெட்டிக்கு உள்ளது போலவே இடது மூலையில் நசுங்கலும் இருக்கிறது. கூடத்துப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். காலி. சகிலாவைக் கேட்டதற்கு, "நாந்தாங்க போட்டேன். நீங்க போடறது பாக்கச் சகிக்கல. அத நவுத்தாதீங்க, இன்னும் மூடி பாக்கி இருக்கு" என்கிறாள். வெள்ளிக்கிழமை எங்கேயும் வருவதற்கில்லையாம். ஜீப் வந்தால் அதில் ஒரு டஜன் பென்சில் மட்டும் அனுப்பவும். வீட்டில் இருப்பது ஒன்றே ஒன்று. அது அவளிடம் இருக்கிறது. ஆகவே தங்கள் உத்தரவுப்படி, இன்று காலை முதல் நான் வரைவதை நிறுத்திவிட்டேன்.