பிரெய்ல் பட்டையும் கனகா கட்டிய பிராதும்

விருத்தாசலம்
செவ்வாய்க்கிழமை

அன்பு மச்சான் பழமலைக்கு, உன் அக்கா வீட்டுக்காரன் திருமால் ஆசியுடன் எழுதுவது. அங்கே நீயும் பிரபாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் சௌக்கியத்தை நான் எழுதவேண்டியதில்லை. எதிர் வீட்டு விருத்தாம்பாளுக்கு ஒரு போன் போட்டால் விவரமாகச் சொல்லுவார்.

காரணம் உனக்குத் தெரிந்ததுதான். கண் தெரியாத எனக்கு மெயிலையெல்லாம் கம்ப்யூட்டர்தான் படித்துச் சொல்கிறது. சத்தத்தைக் குறைத்தால் எனக்கே கேட்பதில்லை, காதில் சீழ் வந்ததிலிருந்து எதையும் மாட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். டெலிபோன் ஆபீசில் ஆபரேட்டராக இருந்த காலமெல்லாம் ஊர் ரகசியத்தைக் காதில் வாங்கி வாயே திறக்காதவன் நான். இப்போது என் வீட்டு ரகசியத்தை ஒரு மிஷின் மூக்கடைத்த குரலில் தெருவுக்கே படிக்கிறது. மகள் ஜெயஸ்ரீக்கு வரன் பார்க்கிற இடத்திலிருந்து வருவதெல்லாம் ஒரே பல்லவி. பெண்ணைப் பிடித்திருக்கிறதாம், அப்பாவுக்குக் கண் தெரியாதாமே, நாளைக்குப் பிறக்கிற பிள்ளைக்கும் வந்துவிட்டால் என்ன செய்வது? சின்ன வயதில் அம்மை போட்டுப் போன கண் மச்சான், அது எப்படிப் பேரப்பிள்ளைக்கு வரும்? வேப்பூர்க்காரர்கள் எழுதியதை மிஷின் படித்து முடிப்பதற்குள் விருத்தாம்பாள் அவிச்ச மல்லாட்டைக் கடலையோடு ஆறுதல் சொல்ல வந்துவிட்டார். ஜெயஸ்ரீ அடுத்த அறையில்தான் இருந்தாள். என்னால்தான் அவளுக்குத் தட்டிப்போகிறது என்பதை அவள் காதாலேயே கேட்க வைக்கிறேனே என்று எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

அதற்காகத்தான் அந்தப் பிரெய்ல் பட்டையை உன்னிடம் வாய்விட்டுக் கேட்டேன். திரையில் இருக்கிற எழுத்து அதில் புள்ளி புள்ளியாக எழும்பும், சத்தமில்லாமல் விரலால் தடவிப் படிக்கலாம், வேண்டாம் என்று வருகிற மெயிலை நான் மட்டும் படித்து அப்படியே அழித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். நீயும் அனுப்பி வைத்தாய், நல்லா இருப்பே. பார்சலைப் பிரித்ததும் உன் அக்கா கனகா, "புதுசா வூட்டுக்கு வந்த பொருளுங்க, வெறுமனே வுடலாமா?" என்று புள்ளி எழும்புகிற ஓட்டைகளின் மேலேயே சந்தனத்தைக் குழைத்து அப்பி, குங்குமமும் வைத்துவிட்டாள். அது காய்ந்து பாதிப் புள்ளி எழும்பவில்லை, எழும்பினது இறங்கவில்லை. கம்ப்யூட்டர் கடை பிரவீன்குமாரை வரவழைத்தேன். அவர் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டிஸ்ப்ளேன்னு சொன்னீங்க, இதுல ஸ்கிரீன் எங்க சார் இருக்குது?" என்றார். தடவிப் பார்க்கிறதுதான் ஸ்கிரீன் என்று புரியவைத்து, பல் தேய்க்கிற பிரஷ்ஷால் சந்தனத்தை எடுக்கவைத்து, ஒயரைச் சொருகி, எந்த மாடல் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லி, எல்லாம் ஆன பிறகு பார்த்தால் அது இங்கிலீஷ் பிரெய்லில் நிற்கிறது. தமிழில் ஒரு 'அ' வந்தால் பட்டை பாதிக்கு ஏதோ நம்பராக ஓடுகிறது. செட்டிங்கில் தேடித் தமிழைப் பிடிப்பதற்குள் அவருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தையே நின்றுபோச்சு. ஆனால் அன்று சாயங்காலம் ஒரு முழு வரியைப் படித்துவிட்டேன் மச்சான். கரண்டு பில் மெயில்தான். இருந்தாலும் விருத்தாம்பாளுக்குத் தெரியாமல் படித்தேன் என்ற சந்தோஷத்தில் அதையே இன்னொரு தரம் தடவிப் படித்தேன்.

மறுநாள் காலையில் பட்டை செத்துக் கிடந்தது. ஒரு புள்ளி எழும்பவில்லை, மிஷின் மட்டும் வழக்கம்போல ஊரைக் கூட்டுகிறது. பிரவீன்குமார் வந்தார், சரிபண்ணினார், போனார், அடுத்த நாள் காலையில் திரும்பவும் அதே கதை. ஒயர் லூஸ் என்றார். பிறகு அப்டேட் என்றார். தொழிற்பேட்டைச் சூளையால் கரண்டு ஏறி இறங்குது என்றார். இப்போது போனையே எடுக்கமாட்டேங்குறார். உன் அக்காவோ இது யாரோ வேணும்னே செய்யற வேலைதான் என்று முடிவுகட்டி, இன்று காலை கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய், "எங்க வூட்டுக்காரர் தடவிப் படிக்கிற மிஷின தெனமும் கெடுக்கறவங்க யாரா இருந்தாலும் கூலி குடுக்கணும் சாமீ" என்று கோர்ட்டு மனு மாதிரி வெள்ளைத்தாளில் பிராது எழுதி, அங்கே எல்லாரும் கட்டுகிற மாதிரி சாமி வேலில் கட்டிவிட்டு வந்துவிட்டாள். கம்ப்யூட்டர் கேசையெல்லாம் சாமி எடுத்துக்கொள்ளுமா என்று கேட்டேன். இதோ, நான் அடிக்க அடிக்க மிஷின் இதையும் படிக்கிறது, "கொளஞ்சியப்பர கிண்டல் பண்ணி எழுதாதீங்க!" என்று அடுப்படியிலிருந்து கத்துகிறாள்.

எனக்கு வெறுத்துப்போச்சு மச்சான். ஞாயிற்றுக்கிழமை வந்து பட்டையை எடுத்துப்போய் யாராவது படிக்கிற பிள்ளைக்குக் கொடுத்துவிடு. வரன் தேடுவதையும் இதோடு விட்டுவிடலாம். இன்னொருத்தர் வேண்டாம் என்பதை என் மகள் கேட்கவேண்டாம்.

பழமலைநாதர் உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வைக்காமல் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு
உன் மாமா திருமால்

பின்குறிப்பு: கடிதத்தை அனுப்புவதற்குள் ஜெயஸ்ரீ பீங்கான் கம்பெனியிலிருந்து வந்தாள். அம்மா பிராது கட்டின கதையைச் சொன்னதும் டிபன் பாக்ஸ் கீழே விழுந்த சத்தம் கேட்டது. "ஐயோ அம்மா, என் மேலயே பிராது கட்டிட்டு வந்திருக்கியே!" என்றாள். பிரெய்ல் வேண்டாம் என்று செட்டிங்கில் ஒரு வரி இருக்கிறதாம். தினமும் வேலைக்குக் கிளம்புமுன் அதை அமுக்கிவிட்டுப் போனது இவள்தான். ஏம்மா இப்படிச் செஞ்சே என்றேன். "அவுங்க வேணாம்னு சொல்றது என்னையத்தானப்பா. அத நான் கேக்கவேணாமா? நீங்களே படிச்சிட்டு, ஒண்ணும் வரலம்மான்னு பொய் சொல்லுவீங்க. உங்க கண்ணப் பத்திப் பேசறவங்க யாருன்னு எனக்குத் தெரியணும். நாளைக்கு அவுங்களே மனசு மாறி வந்தாலும் அந்த வூட்டுக்கு நான் போகமாட்டேன்." அழுதுவிட்டேன். பிறகு அவளே பட்டையை உயிர்ப்பித்து, மிஷினின் வாயை அடைத்து, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "இனிமே நீங்களே வாய்விட்டுப் படிங்கப்பா" என்றாள். புதிதாகச் சேத்தியாத்தோப்பிலிருந்து ஒன்று வந்திருந்தது. "தங்கள் பெண் வேண்டாம், ஏனென்றால்" என்று வந்த இடத்தில் என் விரல் நின்றுவிட்டது. "மேல படிங்க" என்றாள். படித்தேன். பெண் மாப்பிள்ளையைவிட உயரமாம்! "என் கண்ணு இல்லம்மா, உன் உயரமாம்!" என்று நான் கத்த, அவள் சிரிக்க ஆரம்பித்தவள் இன்னும் நிறுத்தவில்லை. ஆகவே பட்டை இங்கேயே இருக்கட்டும். நாளைக்கு உன் அக்கா பிராதை வாபஸ் வாங்கப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை நீ கட்டாயம் வா, உன் ஊர்ப் பக்கத்தில் நல்ல உயரமான பையனாக விசாரித்துக்கொண்டு வா.