அவளுக்கு வந்த அவசரம்

ஏற்காட்டில் காப்பி எஸ்டேட் ஒன்றில் கணக்கெழுதும் ரைட்டராகிய சூசைமாணிக்கம், அறுபதை நெருங்கும் வயதில் ஒரு சபதம் எடுத்தார். தமது சிறுநீர் பற்றிய எந்தச் செய்தியும் தம் மனைவி ஞானசுந்தரியின் காதுக்கு எட்டக்கூடாது.

எட்டுவதற்குச் செய்திகள் நிறைய இருந்தன. அழைத்தால் வராது. வந்தால் நிற்காது. போய்வந்து உட்கார்ந்த மறுகணமே, இன்னும் மிச்சம் இருப்பதாக உள்ளிருந்து ஓர் அறிவிப்பு எழும். எஸ்டேட்டில் காப்பி மூட்டையை எடை போடும்போதும், வீட்டில் சோற்றைப் பிசையும்போதும், "மிளகுக் கொடி பாத்துட்டு வந்தர்றேன்" என்று எழுந்து, கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களின் பின்னே மறைவார். மிளகின்மேல் அப்படி ஒரு பற்று.

எஸ்டேட்டிலாவது மரங்கள் இருந்தன. கோயிலில் அந்த வசதியும் இல்லை. ஞாயிறு திருப்பலியில் வாசகம் வாசிப்பவர் அவர், முதல் பெஞ்சுக்காரர். அண்மைக்காலமாக வாசித்து முடித்ததும் கதவோரக் கடைசிப் பெஞ்சுக்குப் போய்விடுகிறார். இதைக் கவனித்த பங்குத்தந்தை, முதலிடத்தை விட்டுக் கடைசியிடம் தேடும் அம்மனிதரின் தாழ்மையைப் பிரசங்கத்தில் வானளாவப் புகழ்ந்தார். புகழப்பட்டவர் அப்போது கோயிலுக்குள் இல்லை.

அடுத்து வருவது பங்குத் திருவிழா. நெடிய பாடற்பூசை, மறைமாவட்ட ஆயர் வருகிறார், வாசகருக்குப் பீடத்தருகே நாற்காலி. அதிலிருந்து நடுவில் எழுந்து ஓடினால், தாழ்மை என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆகவே அதற்குள் குணமாக வேண்டும். சேலத்தில் இதற்கென்றே ஒரு பெண் மருத்துவர் இருப்பதாகக் கேள்வி. தனியே போனால் ஞானசுந்தரி காரணம் கேட்பாள். அங்கே காத்திருக்கும் பெஞ்சில் மலைக்காரர் எவராவது இருந்து தொலைப்பார். சிந்தித்தார். நோயாளியாகப் போனால்தானே கேவலம்? நோயாளியின் கணவனாகப் போனால்?

அன்று மாலையே தொடங்கினார்.

"சுந்தரி, உன்ற மூஞ்சி நொம்ப வெளுத்துக் கெடக்குது."

"நேத்துத்தானுங்க கருத்துப் போயிட்டேன்னீங்க?"

"அது நேத்து. உனக்கு ஒண்ணுக்குப் போறதுல எதாச்சும் தொந்தரவு இருக்குதா?"

ஞானசுந்தரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. வெட்கம் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

"எனக்குங்களா?"

"பின்னே எனக்கா? பொம்பளைங்க இதையெல்லாம் வெளிய சொல்லமாட்டீங்க. மறைச்சு மறைச்சு வெச்சு முத்த உட்டுப்போடுவீங்க. அதுதான் உங்ககிட்ட இருக்கற பெரிய..." என்றவர் சட்டென்று எழுந்து கொடி பார்க்கப் போனார். வெகுநேரம் கழித்து வந்து, "...கோளாறு" என்று வாக்கியத்தை முடித்தார்.

"ஆம்பளைங்க மறைக்கமாட்டாங்களாங்க?"

"ஆம்பளைக்கு எதுக்கு மறைப்பு? சேலம் போறோம். டாக்டர்கிட்டக் காட்டறோம்."

"செரீங்க. நீங்க சொன்னா இருக்கும். டாக்டரம்மா கேட்டா நான் என்னன்னு சொல்லோணும்?"

"அடிக்கடி வரும்னு சொல்லு. வந்துட்டா அடக்க முடியாது. போய் நின்னா வராது. வந்தாலும் சொட்டுச் சொட்டாத்தான்."

"நிக்கோணுங்களா?"

"ஒக்காந்தா. ஒக்காந்தான்னு சொல்லு."

"எப்பப் புடிச்சுங்க எனக்கு இது இருக்குது?"

"போன பொங்கல்ல இருந்து."

"அடப்பாவமே. தெரியாமயே இருந்துட்டனுங்களே," என்றாள் ஞானசுந்தரி, மிகுந்த கவலையுடன்.

சேலம் பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கத் தொடங்கியதுமே சோதனையும் தொடங்கியது. எந்த வளைவில் என்பதில் சொல்வோரிடையே ஒற்றுமை இல்லை. மலைமேல் ஒண்டிக்கடைப் பக்கத்து ஆட்கள் மேல் வளைவு என்பார்கள். பக்கத்துக் கரடியூர்க்காரர்கள் அவ்வளவு சீக்கிரமா என்று கேட்டு, நடுவளைவு வரை இழுப்பார்கள். சூசைமாணிக்கம் முன்சீட்டுக் கம்பியை இறுகப் பற்றினார் என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் கருத்து வேற்றுமை கிடையாது.

"சுந்தரி, உனக்கு வருதா?"

"இல்லீங்களே."

"வரோணும். உனக்குத்தானே சீக்கு? கண்டக்டர்கிட்டச் சொல்லு."

அவள் பஸ் முழுக்கக் கேட்கும்படி குரல் கொடுத்தாள். "சாமி சக்திவேலு, வண்டியச் சித்த ஓரங்கட்டு. அவசரம்."

"யாருக்குங்க்கா?"

"எனக்குத்தான் கண்ணு."

பஸ் நின்றது. ஞானசுந்தரி அசையவில்லை. சூசைமாணிக்கம் இறங்கி ஓடினார்.

"ஏனுங்க்கா, உங்களுக்குன்னுதானே சொன்னீங்க?"

"ஆமா சாமி. எனக்கு வந்தா அவருதான் போயிட்டு வருவாரு. எங்க ஊட்ல அப்படி ஒரு ஒத்துமை."

அவர் திரும்பி வந்தபோது பஸ்ஸே சிரித்துக்கொண்டிருந்தது. ஏதோ நல்ல நகைச்சுவையைத் தவறவிட்டதாக அவர் வருந்தினார்.

மருத்துவமனை வாசலில் நர்ஸ் ஷெர்லின் எழுந்து நின்று வரவேற்றாள்.

"வாங்க ஞானசுந்தரியக்கா! பயிற்சியை உடாமப் பண்றீங்களா? இவருதானுங்களா அவரு?"

சூசைமாணிக்கம் தொண்டையைச் செருமினார். "பேஷண்ட் இவங்கதான். நான் தொணைக்கு வந்தவன்."

"அக்காளுக்குத்தான் போன வருசமே செரியாயிருச்சுங்களே? போன் பண்ணி உங்க பேர்லதானுங்க பதிஞ்சிருக்காங்க. வயசு அம்பத்தொம்பதுங்களா?"

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் சுவரில் மாட்டியிருந்த சிறுநீர்ப்பைப் படத்தைப் பார்த்தாள்.

"எனக்கு இருமுனா, தும்முனா, மூட்டையத் தூக்குனா கசிஞ்சுக்கிட்டே இருந்துச்சுங்க. மாதா சபைக் கூட்டம்னு சொல்லிப்போட்டு இங்கதான் வந்தேன். அடிவயித்துத் தசைய இறுக்கிப் புடிக்கற பயிற்சி சொல்லிக் குடுத்தாங்க. இப்பப் பாருங்க, அன்னிக்கு நீங்க என்ற சீக்கை விலாவாரியாச் சொல்றப்ப அந்தச் சிரிப்புச் சிரிச்சேன். ஒரு பொட்டு ஈரமில்ல."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுல்ல?"

"சொன்னனுங்க. வயசானாப் பொம்பளைக்கு அப்படித்தான்னு சொல்லிப்போட்டு பேப்பரைத் திருப்புனீங்க."

அவர் வேறு பக்கம் பாய்ந்தார். "என்னுது உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"அடுக்களைச் சன்னலுக்கு நேரா இருக்கற கொடி மட்டும் கருகுதுங்களே! பக்கத்துக் கொடியெல்லாம் பச்சைப் பசேல்னு நிக்குது."

மருத்துவர் காயத்ரி விரல் விட்டுச் சோதித்தார். அந்த அனுபவத்தைப் பற்றிச் சூசைமாணிக்கம் இன்றளவும் யாரிடமும் பேசியதில்லை. ஆண்களுக்கு வயது ஏறும்போது புராஸ்டேட் சுரப்பி பெருத்து நீர்ப்பாதையை நெருக்குவது மிகச் சாதாரணம் என்றும், இரத்தமும் ஸ்கேனும் பார்த்துவிட்டால் பெரும்பாலும் மாத்திரையே போதும் என்றும் மருத்துவர் விளக்கினார்.

"ஸ்கேனுக்கு நீர்ப்பை நெறஞ்சிருக்கணும். கடைசியா எப்பப் போனீங்க?"

"வர்ற வழியில."

"அப்ப தண்ணி குடிச்சிட்டு வெளியில ஒக்காருங்க. முட்டிக்கிட்டு வந்ததும் சொல்லுங்க."

வாழ்நாளில் முதன்முறையாக அது முட்டிக்கொண்டு வரவேண்டும் என்று காத்திருந்தார். அன்று பார்த்து அது வரவில்லை.

மாத்திரை வேலை செய்தது. திருவிழாப் பூசையில் ஆயரே கொட்டாவி விட்டார். சூசைமாணிக்கம் நாற்காலியில் மலைபோல் அமர்ந்திருந்தார். மிளகுக் கொடியும் துளிர்த்தது. கதை இங்கே முடிந்திருந்தால் அவருக்கு நல்லது. ஆனால் அன்று பஸ்ஸில் நடந்ததைக் கண்டவர்கள் விசாரிக்கத் தொடங்கினார்கள். சபதம் உடைந்தாலும் மானமாவது தப்பட்டும் என்று அவர் ஒரு விடை தயாரித்தார். "சம்சாரத்துக்குத்தானுங்க சீக்கு. பாவம், மறைச்சு வெச்சிருந்தா. நான்தான் கண்டுபுடிச்சுக் கூட்டிட்டுப் போனேன்." ஊர் உச்சுக்கொட்டியது. மாதா சபைப் பெண்கள் ஞானசுந்தரிக்காக ஒரு ஜெபமாலையே சொன்னார்கள். அவளும் கூடவே முழந்தாளிட்டு, ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல், தனக்காக வேண்டிக்கொண்டாள்.

மறுபரிசோதனைக்குப் போகும் நாள் வந்தது. அதே பஸ். அதே சக்திவேல். முன்சீட்டில் பங்குத்தந்தை. சூசைமாணிக்கம் வீட்டிலேயே போய்விட்டு வந்து, துளியும் அவசரமற்ற விடுதலை மனிதராகக் கால்மேல் கால் போட்டிருந்தார்.

"சம்சாரம் இப்ப எப்படியிருக்காங்க?" என்று பங்குத்தந்தை பரிவோடு கேட்டார்.

"தேவலைங்க சாமி. பொம்பளைங்களுக்கு வாயத் தொறந்து சொல்லத் தெரியாதுங்க. புருசன்தான் பாத்துச் செய்யோணும்."

"சாமி சக்திவேலு!" என்று ஞானசுந்தரியின் குரல் எழுந்தது. "வண்டிய நிறுத்து. மறுபடியும் எனக்கு அவசரம்."

அதே வளைவில் பஸ் நின்றது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பங்குத்தந்தையும் பார்த்தார். சக்திவேல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான்.

சூசைமாணிக்கம் பதறிப்போய்க் கிசுகிசுத்தார். "எனக்கு வரலையே!"

"உங்களுக்கு எதுக்குங்க வரோணும்? சீக்கு எனக்குத்தானே," என்றாள் ஞானசுந்தரி. "எறங்கிப் போயிட்டு வந்துருங்க, எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க."