துரையின் இடது மூக்கு

எங்கள் நாய்க்குத் துரை என்று பெயர். ஒரு வேலையும் செய்யாமல் வேளாவேளைக்குச் சாப்பிடுவதால் வந்த பெயர். ஆனால் நான் மாடியில் துணி உலர்த்தும்போது கீழே குழந்தை அழுதால், ஓடிவந்து குரைத்து என்னை இழுத்துப்போவது துரைதான். அது இல்லாவிட்டால் எனக்குக் கை ஒடிந்த மாதிரி.

என் வீட்டுக்காரர் தச்சர். பட்டறை வீட்டுக்குப் பின்னாலேயே. ஒருநாள் காலையில் மரம் சீவும் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு முழங்கினார்.

"துரை தும்முது. குழந்தைக்கு ஒட்டிக்கும். என் சிநேகிதன்கிட்ட கொடுத்துடப் போறேன்."

"விளையாடும்போது நாய் தும்மும்ங்க."

"இது விளையாட்டுத் தும்மல் இல்ல. நீ குழந்தைக்குப் பூசற பவுடரால வந்தது. வேணும்னா பாரு, பட்டறையில கட்டறேன். நின்னுடும்."

பவுடரால் வந்த தும்மல் குழந்தைக்கு எப்படி ஒட்டும் என்று கேட்க நினைத்தேன். எனக்கு வாதாட வராது.

பட்டறையில் கட்டியிருந்த துரை சாயங்காலம் விடாமல் தும்மியது. முன்காலால் மூக்கைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. இடது மூக்கில் ரத்தம்.

"ஏங்க, சீக்கு நாயைக் கொடுத்தா உங்க சிநேகிதர் திருப்பிக் கொண்டுவந்துட மாட்டாரா? டாக்டர்கிட்ட காட்டிட்டுக் கொடுங்களேன்."

"அட, உனக்கும் மூளை வேலை செய்யுதே!"

உடனே துரையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். நானும் குழந்தையோடு பின்னாலேயே போனேன்.

டாக்டரம்மா மயக்க ஊசி போட்டு, விளக்கடித்துப் பார்த்து, இடுக்கியால் ஒன்றை வெளியே இழுத்தார். சுருண்ட மரச்சீவல்!

"ஒண்ணு ரெண்டு தும்மினா பயமில்ல. விடாம தும்மினாலோ, ஒரு பக்கம் மட்டும் ஒழுகினாலோ, ரத்தம் வந்தாலோ உடனே வந்துடணும். நல்லவேளை, வந்தீங்க. வீட்டுல யாரு தச்சர்?"

இவர் கூரையைப் பார்த்தார்.

நான் மெதுவாகக் கேட்டேன். "டாக்டரம்மா, இதை இவரோட சிநேகிதர்கிட்ட விடலாமா? அவர் மரம் அறுக்கிற மில்லுல இருக்காரு."

"ஐயய்யோ! வேண்டவே வேண்டாம். வீட்டுக்குள்ளயே வச்சுக்கங்க. மரத்தூளோட யாரும் கிட்ட போகாதீங்க."

திரும்பும்போது வழியெல்லாம் துரையைக் கையிலிருந்து இறக்கவில்லை இவர். அதற்காகவே இந்த மனுஷனுக்கு ஆயுசுக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

இப்போது துரைக்கு இடம் கூடத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே. சாயங்காலம் இவர் வாசற்படியில் நின்று அதன் முன்னால் கையை நீட்ட வேண்டும். துரை மோந்து பார்த்துத் தும்மினால், நேராகக் குளியலறை.

நேற்று இரண்டு தரம் குளித்தார்.